எறும்புக்கடி அளவுக் காயம்

நெட்டைக்கும் சட்டத்துக்கும் பேச்சு நின்று நான்கு வருடம் ஆகியிருந்தது. இருவரும் சகலைகள். அக்காவைக் கட்டியவன் சட்டம், தங்கையைக் கட்டியவன் நெட்டை. மாமனார் விட்டுப்போன வீட்டில் மாடியில் சட்டம், கீழே நெட்டை. ஏறி இறங்கப் படி ஒன்று, தண்ணீர் பிடிக்கக் குழாய் ஒன்று, தெருவுக்குப் போக வாசல் ஒன்று. இது போதாதென்று வேலையும் ஒரே பெயிண்டிங் கம்பெனியில். ஒருவன் முகத்தில் ஒருவன் விழிக்காமல் ஒரு நாளும் கழியக்கூடாது என்று யாரோ மெனக்கெட்டு ஏற்பாடு செய்துவைத்தது போலிருந்தது.

சட்டம் என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். பெயிண்ட் டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிப்பான். ஏணியின் கால் சமமாக நிற்கிறதா, சாரத்தின் முடிச்சு இறுகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் கால் வைக்கமாட்டான். அடுத்தவனையும் வைக்க விடமாட்டான். நெட்டை நேர்மாறு. ஆறடிக்கு மேல் உயரம், கையில் வேகம், யார் சொன்னாலும் கேட்கிற வழக்கம் பிறவியிலேயே கிடையாது.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் நெட்டை இடுப்பில் பெல்ட் மாட்டாமல் சாரத்தில் ஏறினான். அன்று பாதுகாப்புப் பதிவேடு எழுதும் முறை சட்டத்துடையது. சகலை என்று பார்க்காமல் எழுதிவிட்டான். நெட்டையைப் பத்து நாள் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன் மனைவிக்கு அப்போது நிறைமாதம். அன்று மாலை படியடியில் நின்றுகொண்டு, தெருவே கேட்கிற மாதிரி, பெண்டாட்டியின் கூடப் பிறந்தவள் புருஷனைக் காட்டிக்கொடுத்து முதலாளிக்கு வாலாட்டுகிறவன் என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் சொன்னான். சட்டம் மாடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டான். அதோடு முறிந்தது.

அக்காளும் தங்கையும் மட்டும் குழாயடியில் வழக்கம்போல் பேசிக்கொண்டார்கள். ஆம்பளைகள் இரண்டு பேரும் கல்லும் கல்லுமாய் இருந்தால் நாம் என்ன தலையையா முட்டிக்கொள்ள முடியும் என்று அக்காள் சொல்வாள்.

பிறகு கம்பெனிக்கு உயர் அழுத்த ஸ்பிரே மிஷின் வந்தது. பிரஷ்ஷால் இரண்டு நாள் அடிக்கிற இடத்தை அரை நாளில் அடித்துத் தள்ளுகிற மிஷின். அதை ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் இவர்கள் இருவர்தான். சூப்பர்வைசர் இருவரையும் ஒரே நுகத்தில் பூட்டிவிட்டார். மிஷினையும் பெயிண்ட் வாளியையும் பார்த்துக்கொள்வது சட்டம். பெயிண்டைப் பீய்ச்சும் கன்னைப் பிடிப்பது நெட்டை. ஒருவனுக்கு மற்றவனிடம் சொல்ல ஏதாவது இருந்தால் எதிரே நிற்கிற தூணிடம் சொல்வான். பெயிண்ட் தீரப்போகிறது என்று நெட்டை தூணிடம் சொல்வான். வாளி மாற்றியாயிற்று என்று சட்டம் மிஷினிடம் சொல்வான். கூட வேலை செய்கிறவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அதுவே பழகிவிட்டது.

அன்றைக்கு ஒரு பெரிய கிடங்கில் இரும்புத் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் சாம்பல் நிற எண்ணெய் பெயிண்ட் அடிக்கும் வேலை. மத்தியானத்துக்குள் பாதிக் கிடங்கை முடித்தாக வேண்டும், அலமாரிகள் வந்து இறங்கப்போகின்றன என்று சூப்பர்வைசர் காலையிலிருந்தே கால்மாற்றி நின்றுகொண்டிருந்தார். கன்னின் வாயில் நாசில் இருக்கும். பெயிண்ட் பீறிடும் ஓட்டை அது. அதன் இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக்குக்குக் கார்டு என்று பெயர். விரல் ஓட்டையின் வாய்க்குப் போய்விடாமல் அது தடுக்கும். உத்தரமும் தூணும் சேருகிற மூலைகளில் இந்தக் கார்டு இடித்தது. அதன் மேல் பெயிண்ட் சேர்ந்து சொட்டவும் செய்தது. நெட்டை அதைத் திருகிக் கழற்றிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டான்.

சூப்பர்வைசர் அதைப் பார்த்தார். சீக்கிரம் ஆகட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். சட்டமும் பார்த்தான். அவன் பார்த்ததை நெட்டை பார்த்தான். இப்போது தூணிடம் ஒரு பிரசங்கம் நடக்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தான். சட்டம் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான், திரும்பிப் பெயிண்டைக் கலக்க ஆரம்பித்தான். அவன் வாயை அடைத்துவிட்ட மாதிரி நெட்டைக்கு உள்ளுக்குள் ஒரு குஷி.

பத்து மணி சுமாருக்கு நாசில் அடைத்தது. மிஷினை நிறுத்தவேண்டும் என்று நெட்டை தூணிடம் சொன்னான். மோட்டார் சத்தம் நின்றது. மோட்டார் நின்றாலும் ஹோஸுக்குள் அழுத்தம் நிற்காது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. கன்னை வாளிக்குள் பிடித்து டிரிகரை அழுத்தி, உள்ளே அடைபட்டதையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, லாக்கைப் போட்ட பிறகுதான் நாசிலில் கை வைக்க வேண்டும். வாளி இருபதடி தூரத்தில், அதுவும் அந்த ஆளின் காலடியில் இருந்தது. அங்கே போவானேன் என்று, நாசிலின் வாயில் காய்ந்திருந்த பெயிண்டை இடதுகை ஆள்காட்டி விரலால் துடைத்தான். வலது கை விரல் டிரிகரை விட்டிருக்கவில்லை.

சுருக்கென்றது. எறும்பு கடித்த மாதிரி, அவ்வளவுதான். விரல் நுனியில் பேனாவால் குத்தினாற்போல் ஒரு புள்ளி. அதைச் சுற்றிக் கொஞ்சம் சாம்பல் நிறம். ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை. விரலைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு கன்னை மறுபடி தூக்கினான்.

"கையைக் காட்டு."

நெட்டை திரும்பிப் பார்த்தான். சட்டம் நேராக அவன் முகத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். நான்கு வருடத்தில் நேருக்கு நேர் சொன்ன முதல் வார்த்தை.

உன் வேலையைப் பார்த்துக்கொண்டு போ என்றான் நெட்டை. சட்டம் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். நெட்டை உதறினான். மறுபடி பிடித்தான். நெட்டை வலது கையால் அவன் நெஞ்சில் வைத்துத் தள்ளியதில் சட்டம் பின்னால் இருந்த வேறொரு பெயிண்ட் வாளியோடு சேர்ந்து விழுந்து, முழங்கால் வரை சாம்பலாக எழுந்தான். சத்தம் கேட்டு சூப்பர்வைசர் ஓடிவந்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். இதற்கா இந்த ஆர்ப்பாட்டம், ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்றார். உள்ளே பெயிண்ட் போயிருக்கிறது, இது வெட்டுக்காயம் இல்லை, ஆபரேஷன் கேஸ் என்று சட்டம் சொன்னான். சூப்பர்வைசர் சிரித்தார். நெட்டையும் சிரித்தான். இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று சிரித்தது அதுவே முதல்முறை.

சட்டம் சுவரோரம் இருந்த மெயின் பெட்டிக்குப் போனான். ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கிடங்கு முழுவதும் விளக்கு அணைந்தது. இருந்த எல்லா மிஷினும் நின்றது.

"இவன் ஆஸ்பத்திரிக்கு வர்ற வரைக்கும் இங்க எதுவும் ஓடாது."

சூப்பர்வைசர் என்னென்னவோ கத்திப் பார்த்தார். கடைசியில், இரண்டு பேரும் தொலையுங்கள், ஃபியூஸை வைத்துவிட்டுத் தொலையுங்கள் என்றார். நெட்டைக்குப் போக விருப்பமில்லை. ஆனால் அதற்குள் விரல் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

பெயிண்ட் தோலுக்குள் பாய்ந்தால் என்ன செய்யவேண்டும் என்று எழுதி மிஷினில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்த எச்சரிக்கை அட்டையைச் சட்டம் அறுத்து எடுத்துக்கொண்டான். பெயிண்ட் டப்பாவின் மூடியையும் எடுத்துக்கொண்டான். அவன் பைக்கில் பின்னால், அவன் முதுகு தன்மேல் படாதபடி, சீட்டின் கடைசி அங்குலத்தில் நெட்டை உட்கார்ந்து போனான்.

முதலில் பக்கத்தில் இருந்த கிளினிக். டாக்டர் சின்ன வயதுக்காரர். விரலை அழுத்திப் பார்த்து, இதற்குப் போய் இரண்டு பேரா என்று கேட்டார். ஒரு டெட்டனஸ் ஊசி போட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து, போகலாம் என்றார். நெட்டை சகலையைப் பார்த்த பார்வையில், இப்போது மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வாய் என்ற கேள்வி இருந்தது. சட்டம் எச்சரிக்கை அட்டையை மேஜைமேல் வைத்தான். டாக்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. எனக்கே வைத்தியம் சொல்லித் தருகிறாயா என்று எழுந்து நின்றார். சட்டம் வாசற்படியில் போய்க் கதவுக்கு ஒரு கையும் நிலைக்கு ஒரு கையுமாக நின்றுகொண்டான். அட்டையைப் படிக்கிற வரை அடுத்த நோயாளியை உள்ளே விடமாட்டேன் என்றான். வெளியே இருமிக்கொண்டிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். சனியன் விட்டால் போதும் என்று டாக்டர் படித்தார். பாதியில் உட்கார்ந்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு விரலைத் தொட்டுப் பார்த்த விதமே வேறாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தார்.

போகிற வழியில் வலி வந்தது. விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கி, வெளிறி, தொட்டால் சில்லிட்டது. உள்ளங்கைக்குள் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை இறக்குவது போலிருந்தது. சிக்னலில் நின்றபோது நெட்டை ஓரத்துக் கடையில் ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கினான். வாய்க்குக் கொண்டுபோகும்முன் சட்டம் அதைத் தட்டிவிட்டான். ஆபரேஷனுக்கு முன்னால் தண்ணீர்கூடக் கூடாது என்று அட்டையில் போட்டிருக்கிறதாம். நனைந்த சட்டையோடு நெட்டை அவனை நாய் என்றான், பேய் என்றான், அவன் வம்சத்தையே இழுத்தான். சட்டம் கியரை மாற்றினான்.

பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை டாக்டர் ஒரு அம்மாள். விரலைப் பார்க்கும்முன் என்ன பெயிண்ட் என்று கேட்டார். சட்டம் மூடியை நீட்டினான். எத்தனை மணிக்கு நடந்தது என்று கேட்டார். பத்து இருபது என்றான் சட்டம். சாப்பிட்டானா, தண்ணீர் குடித்தானா என்று கேட்டார். இல்லை என்றான். நெட்டை தன் உடம்பைப் பற்றிய எல்லாக் கேள்விக்கும் இன்னொருத்தன் பதில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடித்தான். ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நெட்டையின் மனைவி வந்து சேர்ந்ததும் சட்டம் அவளிடம் மூடியையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

விரல் நுனியில் ஆரம்பித்து உள்ளங்கையைத் தாண்டி மணிக்கட்டு வரை பிளந்தார்கள். அந்த ஒற்றைப் புள்ளி வழியாகப் போன பெயிண்ட் நரம்போடு நரம்பாக அதுவரை ஓடியிருந்தது. சுரண்டிக் கழுவி, தைக்காமல் திறந்தே வைத்து, இரண்டு நாள் கழித்து மறுபடி கழுவினார்கள். ஆறாம் நாள் விரல் கறுத்தது. நடுக்கணு வரை எடுத்தார்கள். இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வந்திருந்தால் கையே போயிருக்கும், கூட்டிவந்தவருக்கு நன்றி சொல்லுங்கள் என்று டாக்டரம்மாள் சொன்னார். நெட்டைக்கு வாயெல்லாம் கசந்தது. ஊரில் இத்தனை மனிதர்கள் இருக்க, போயும் போயும் இவனிடமா கைப்பிச்சை வாங்க வேண்டும்.

படுக்கையில் கிடந்தபோது அவன் மனம் ஒரு வேலை செய்தது. மோட்டார் நின்ற சத்தத்தை அவன் கேட்டிருந்தான். ஆனால் நன்றாகக் கேட்டோமா என்று முதல் நாள் யோசித்தான். உறுமல் கொஞ்சம் இருந்த மாதிரி இல்லையா என்று அடுத்த நாள் தோன்றியது. நாலைந்து நாளில், வேண்டுமென்றேதான் ஓடவிட்டிருப்பான், பிறகு பயந்துபோய்த்தான் அப்படிப் பறந்து பறந்து கூட்டிவந்தான் என்ற இடத்துக்கு வந்துவிட்டான். அங்கே வந்ததும் நெஞ்சுக்கு நிம்மதியாக இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து சூப்பர்வைசர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். உடம்பை விசாரித்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்தார். உடன் வேலை செய்தவர் மிஷினை நிறுத்தாமல் அலட்சியமாக இருந்ததால் விபத்து நேர்ந்தது என்று அதில் டைப் செய்திருந்தது. கார்டைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. உன் வேலைக்கு நான் பொறுப்பு, நீ கையெழுத்து மட்டும் போடு என்றார். நெட்டை இரண்டு தடவை படித்தான். வலது கை நன்றாகத்தான் இருந்தது. போட்டான்.

சட்டத்தை மறுநாளே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நெட்டை வீட்டுக்கு வந்த அன்று அவன் மனைவி சோற்றைத் தட்டில் வைத்தாள். பக்கத்தில், குழம்புக்கிண்ணம் வைக்கிற இடத்தில், மஞ்சள் கார்டை வைத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அழுக்குத் துணிமூட்டையில் கிடைத்ததாம்.

"இது உங்க பேன்ட் பைக்குள்ள எப்படி வந்துச்சு?"

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு அக்காள் வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து சமைத்து வைப்பாள், துணி துவைப்பாள், காயத்தின் கட்டைக்கூட அவள்தான் அவிழ்த்து மாற்றினாள். வார்த்தை மட்டும் கிடையாது. ஒரு வீட்டில் இரண்டு பேரோடு பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று நெட்டைக்கு அப்போதுதான் தெரிந்தது. மாடியில் சட்டம் வேலை தேடிப் போய்விட்டுத் திரும்பிவருகிற செருப்புச் சத்தம் தினமும் கேட்கும். நெட்டை ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவான்.

ஒரு மாதம் கழித்து விபத்தைப் பற்றித் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி. இந்தப் பக்கம் சூப்பர்வைசர், நெட்டை, நடுவில் ஒரு நாற்காலி காலி விட்டுச் சட்டம். அதிகாரி முதலில் சட்டத்தைக் கேட்டார். மோட்டார் ஓடியதா? இல்லை, நிறுத்தினேன். கார்டு இருந்ததா? இல்லை, காலையிலேயே கழற்றியிருந்தார். நீங்கள் பார்த்தீர்களா? பார்த்தேன்.

பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார்.

சட்டம் அதிகாரியின் பேனாவைப் பார்த்துச் சொன்னான். "சொல்லியிருக்கணும். அது என் வேலை. இந்த ஆளு எக்கேடோ கெட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அதையும் எழுதிக்குங்க."

சூப்பர்வைசர் குறுக்கே பேச வந்தார். அதிகாரி கையால் அடக்கிவிட்டு நெட்டையைப் பார்த்தார். நெட்டைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். பொய் சொல்லியிருந்தால் பிடித்திருக்கலாம். இவன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இங்கேயும் பதிவேடு எழுதுகிற புத்தி. அந்தக் கோபத்திலேயே, மனைவி காலையில் ஒன்றும் சொல்லாமல் சட்டைப் பையில் போட்டுவிட்டிருந்த கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"நான்தான் கழட்டினேன். சூப்பர்வைசர் பார்த்துட்டுத்தான் போனாரு. மோட்டார் நின்னுதான் இருந்துச்சு. அந்தக் காகிதம் இவரு டைப் பண்ணிக் கொண்டாந்தது. ஆனா நான் படிச்சுப் பார்த்துத்தான் கையெழுத்து போட்டேன்."

வைத்தியச் செலவு கம்பெனி தலையில் விழுந்தது. சூப்பர்வைசரை வேறெங்கோ மாற்றினார்கள். கார்டு இல்லாத கன்னைத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. சட்டத்தைத் திரும்பக் கூப்பிட்டார்கள். நெட்டைக்கு ஹோஸ் இழுக்கக் கை ஒத்துழைக்காததால் பிரஷ் வேலைக்குப் போட்டார்கள்.

விசாரணை முடிந்த அன்று அலுவலகப் படியில் இறங்கும்போது நெட்டை சட்டத்தைக் கூப்பிட்டான். அண்ணே என்று முன்பு கூப்பிடுவான்; அது வாயில் வரவில்லை. "உங்களால கை பொழைச்சுது," என்றான்.

"உனக்காகன்னு நெனச்சுக்காதே. கீழ இருக்கறவளுக்காகச் செஞ்சேன். உன் கையெழுத்துக்கு நான் ஒரு மாசம் தெருத்தெருவா அலைஞ்சேன். அதை மறக்க மாட்டேன்."

"நானும் மறக்க மாட்டேன். பார்த்துட்டு வாயை மூடிட்டு நின்னீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் விரல் இருந்திருக்கும்."

சட்டம் ஏதோ சொல்லப்போகிறான் என்று நெட்டை நின்றான். அவன் பைக்கை உதைத்துக் கிளம்பிப் போய்விட்டான். நெட்டை பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தான். அன்று சாப்பாடு வைக்கும்போது, உப்பு போதுமா என்று அவன் மனைவி கேட்டாள்.

இரண்டு மாதத்தில் சட்டம் நாலு தெரு தள்ளி ஒரு வீடு பார்த்துக்கொண்டான். இனி ஒரு கூரையின் கீழ் சரிப்படாது என்று சொன்னானாம். சாமான் ஏற்றும் நாளில் போய் ஒரு கை கொடுங்கள் என்று மனைவி சொன்னாள். நெட்டை மாட்டேன் என்றான். பிறகு, மர பீரோவை ஒற்றை ஆளாகப் படியில் இறக்கச் சட்டம் திணறுகிற சத்தம் கேட்டு, பனியனோடு ஏறிப் போனான். மேல் பக்கத்தைப் பிடித்தான். அரை விரலின் நுனி மரத்தில் அழுந்தி வலி மின்னலாய் வெட்டியது. முகத்தில் காட்டவில்லை.

"உன் பக்கம் தூக்கு. வளைவு வருது."

"தெரியும்."

"தெரிஞ்சா தூக்கு."

பீரோவை வண்டியில் ஏற்றினார்கள். அக்காளும் தங்கையும் வாசலில் கட்டிக்கொண்டு அழுதார்கள். சட்டம் கயிற்றை இரண்டு தடவை இழுத்து முடிச்சைச் சோதித்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான். நெட்டை தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனான்.